கல்லில் ஏறும் கறுப்பு

ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் வளவனூர் பக்கத்து மொட்டை மாடிகளில் கால் வைத்தால் வழுக்கும். எங்கும் பச்சைப் பாசி! தை மாத வெயிலில் அதுவே காய்ந்து கறுப்பாகிவிடும். அழுக்கு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி உயிருள்ளது. பாசியும் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்து வாழும் மெல்லிய படலம் அது. வெயிலைத் தாங்குவதற்காக இவற்றில் பல, கருநிறப் பொருளைத் தாமே சுரந்து கொள்கின்றன.

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ளது மண்டகப்பட்டு. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் அமைத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமையோடு கூறுகிறது. மரம் உளுத்துப்போகும், உலோகம் துருப்பிடிக்கும். கல் நிற்கும்.

ஆனால் கல்லிலும் உயிர் குடியேறும். பாசியும் பூஞ்சையும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் கற்பாசி, பாறையில் மெல்லிய இழைகளை இறக்கும். அது சுரக்கும் அமிலம் கல்லின் கனிமங்களைக் கரைக்கும். மழையில் ஊறியும் வெயிலில் சுருங்கியும் கல்லைத் துகள் துகளாகப் பெயர்க்கும். ஓர் அங்குலம் போக எத்தனையோ காலம் ஆகும். ஆனால் கல்வெட்டு எழுத்து ஓர் அங்குல ஆழம்கூட இருப்பதில்லையே!

இதைத் தடுக்க மனிதன் எடுத்த முயற்சிகளும் வரலாறுதான். இந்தியத் தொல்லியல் துறை 1917-லேயே முகமது சனாவுல்லா என்ற வேதியியலாளரை நியமித்தது. பின்னாளில் இத்துறை கடல் கடந்தும் போனது. 1986 முதல் 1993 வரை கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலை இந்தியக் குழு சுத்தம் செய்தது. அம்மோனியாவும் பூஞ்சைக்கொல்லியும் போட்டுத் தேய்த்ததில் சிற்பங்களின் மேற்பரப்பு பாதிக்கப்பட்டதாக உலக அளவில் விமர்சனம் எழுந்தது. பிற்பாடு அந்தச் சுவர்களில் கறுப்புப் படலம் மீண்டும் படர்ந்தது.

தமிழ்நாட்டில் நடந்தது அதைவிட வேதனை. கோயில் திருப்பணியின்போது, கறுப்பைப் போக்க அழுத்தத்தோடு மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். தூண்கள் பளிச்சென்று ஆயின. கூடவே சிற்பத்தின் நுணுக்கமும் கல்வெட்டு எழுத்தும் தேய்ந்தன. கண்டனங்கள் எழுந்த பிறகே இம்முறைக்குத் தடை வந்தது.

இப்போது அதே படலம் புது இடம் தேடியிருக்கிறது. சூரிய மின் தகடு! பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் தகடுகளைத் துடைக்காமல் விட்டுச் சோதித்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வின்படி, 18 மாதத்தில் மின் உற்பத்தி 11 சதவீதம் குறைந்திருந்தது. படிந்திருந்த அழுக்கில் கருநிறப் பூஞ்சைகள் ஏராளம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் மானியத் திட்டத்துக்குப் பிறகு நம் ஊர் மாடிகளிலும் தகடுகள் பெருகுகின்றன. அவற்றையும் சொரசொரப்பான பொருளால் தேய்க்கக் கூடாது. மென்மையான துணியும் தண்ணீரும் போதும், வெயில் ஏறும் முன் துடைத்தால் நல்லது.

தகடு கீறிப்போனால் அதன் நஷ்டத்தைத் தேய்மானக் கணக்கில் எழுதலாம். பணம் கொடுத்தால் புதுத் தகடு வந்துவிடும். ஒரு கல்வெட்டு வரி அழிந்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது? அடுத்த முறை ஊர்க் கோயில் சுவர் கறுத்திருப்பதைப் பார்த்ததும் தேய்க்கக் கிளம்புகிறவர்கள், அதன் கீழே எழுத்து இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பார்த்தால் போதும்.