ஒரகடம் பஸ்ஸும் பெரம்பூர் ஆலையும்

இன்று விடியற்காலை பால் வாங்கப் போனேன். உத்திரமேரூர் பேருந்து நிலையம் அருகே ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்காக என் பழைய மாணவி நின்றிருந்தாள். "எட்டு மணி நேர ஷிப்ட் சார், போக வர மூணு மணி நேரம்" என்றாள்.

அந்த எட்டு மணி நேரம் வந்த கதையை நான் ஒழுங்காக நடத்தியதில்லை. குடவோலையை விடமாட்டேன், சிகாகோவையும் சொல்வேன். பெரம்பூரைத் தாண்டிப் போய்விடுவேன்.

1881 தொழிற்சாலைச் சட்டப்படி ஏழு வயதுப் பிள்ளையை ஆலையில் சேர்க்கலாம், ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம்! நெசவாலை ஆண்களுக்கு 12 மணி நேரம் என்ற வரம்பே 1911-இல்தான் வந்தது.

பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் பட்ட பாட்டைச் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பி.பி.வாடியாவிடம் கொண்டுபோனார்கள். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க.வும் உடன் நின்றார். நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட்டது, உயர் நீதிமன்றம் தடை விதித்தது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு 1926-இல்தான்.

எனக்கு உறுத்துவது 1921. வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடரும் மற்றவரும் எதிரெதிரே நிற்கும்படி ஆனது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்களைச் சாதி பிரித்தது. முதலாளிக்கு வேறென்ன வேண்டும்?

2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. இதையெல்லாம் அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது.