தோண்டாமல் ஒரு ஊரைப் பார்க்க முடியுமா?

ஒரு ஃபைலைத் திறந்து படிச்ச உடனே அது டெலீட் ஆயிடும்னு வச்சுக்கோங்க. அதைத் திறக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு யோசிப்பீங்க? அகழாய்வு கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு மண் அடுக்கைத் தோண்டி எடுத்துட்டா, திரும்ப அதே மாதிரி அடுக்கி வைக்க முடியாது. ஒரு இடத்தை ஒரே ஒரு தடவைதான் தோண்டலாம்.

கீழடியில தொல்லியல் மேடு ஏறக்குறைய 110 ஏக்கர். பெரும்பகுதி தென்னந்தோப்பு, தனியார் நிலம். எங்க குழி போடுறது? 2019-ல ஐந்தாம் கட்ட அகழாய்வையொட்டி மும்பை இந்திய புவிகாந்தவியல் நிறுவனமும் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் தரையையும் வானத்தையும் பங்கு போட்டுக்கிட்டாங்க: கீழே ராடார், மேக்னெட்டோமீட்டர், மேலே ட்ரோன்.

இது எப்படி வேலை செய்யுது? தரை ஊடுருவும் ராடாரை, அதாவது ஜிபிஆரை, தள்ளுவண்டி மாதிரி நேர்கோட்டுல இழுத்துட்டுப் போவாங்க. அது ரேடியோ அலையை மண்ணுக்குள்ள அனுப்பும். செங்கல் சுவர் மாதிரி வேற பொருள் வந்தா அலை எதிரொலிக்கும். திரும்பி வர ஆகிற நேரத்தை வச்சு ஆழத்தைக் கணக்கு போடலாம். மேக்னெட்டோமீட்டர் வேற வகை. களிமண்ணுல இரும்புத் தாதுக்கள் இருக்கும். சூளையில நல்லா சுட்டு ஆறும்போது, அந்த நேரத்துப் பூமியோட காந்தப்புலம் அதுல பதிஞ்சிடும். அதனால மூடிக்கிடக்கிற சூளையும் சுட்ட செங்கல்லும் தனியா தெரியும்.

ரோமப் பேரரசோட எல்லையா இருந்த டான்யூப் ஆத்தங்கரையில, ஆஸ்திரியாவோட கார்னுன்டும்ல, கிளாடியேட்டர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஒரு பள்ளியையே இப்படிக் கண்டுபிடிச்சாங்க. 2011-ல அறிவிச்சப்போ அங்க ஒரு குழிகூட வெட்டலை. வீரர்களோட அறைகள், வட்டமான பயிற்சிக் களம் எல்லாம் திரையிலதான் தெரிஞ்சது.

அப்போ தோண்டவே வேண்டாமா? வேணும். ராடார் சுவரைக் காட்டும், வயசைச் சொல்லாது. கீழடிக்கு கி.மு. 580-ங்கிற காலக்கணக்கு கிடைச்சது, 353 செ.மீ. ஆழத்துல எடுத்த கரித்துண்டை அமெரிக்காவுல இருக்கிற லேபுக்கு அனுப்பினதாலதான். ஸ்கேன் செய்ற பெரிய உதவி வேற: எதைத் தோண்டணும், எதை அடுத்த தலைமுறைக்கு அப்படியே விட்டு வைக்கணும்னு முடிவு பண்ண விடுது.

நம்ம ஊருக்கு வருவோம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டுல தாலமி எழுதின மாலியார்பா மயிலாப்பூர்தான்னு பல ஆய்வாளர்கள் சொல்றாங்க. ஆனா இங்க ஸ்கேன் பண்றது லேசு இல்லை. ஈரமான, உப்பு கலந்த மண்ணு ராடார் அலையை விழுங்கிடும். கான்கிரீட் கம்பியும் கேபிளும் மேக்னெட்டோமீட்டரைக் குழப்பிடும்.

இருந்தாலும் ஒரு இடைவெளி கிடைக்குது. பழைய வீட்டை இடிச்சதுக்கும் ஃப்ளாட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுறதுக்கும் நடுவுல, மனை கொஞ்ச நாள் வெறுமனே கிடக்கும். பார்க்கணும்னா அந்தக் கொஞ்ச நாள்தான். அப்புறம் ஜேசிபி வந்துடும். அதுல அன்டூ பட்டன் கிடையாது.