ரிப்பேர் கடைக்குப் போன ரேடியோக்கள்

வரப்புச் சண்டை, வாய்க்கால் தண்ணிச் சண்டை பத்தியெல்லாம் இங்கே நிறைய எழுதியாச்சு. இந்தத் தடவை ரேடியோ ரிப்பேர்ச் சண்டை. சிரிக்காதீங்க. நான் சின்னப் பையனா இருந்த காலத்திலிருந்து 2000 வரைக்கும் எங்க ஊர் டீக்கடைப் பெஞ்சுல பேசித் தீர்த்த பஞ்சாயத்துல இது கணிசமா உண்டு. ரேடியோ, டேப்பு, ஆம்ப்ளிஃபயர்னு சாமான் மாறிக்கிட்டே வந்தது. சண்டை மட்டும் ஒரே சண்டைதான். கொடுக்கும்போது பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு, வாங்கும்போது என்ன இருக்கு?

முதல்ல ஊருக்கே ஒரு ரேடியோதான். பஞ்சாயத்து ரேடியோ ரூம்ல பூட்டி வெச்சிருப்பாங்க, மேல கூம்புக் குழாய். சாயங்காலம் செய்தியும் வயலும் வீடும் கேட்கும். அது ரிப்பேர் ஆனா ஊரே அலுத்துக்கும், ஆனா யாரும் யார்கூடவும் மல்லுக்கு நிக்கல. யாரோட கைக்காசும் அதுல இல்லையே.

சொந்தமா ரேடியோ வாங்கினவங்க கதை வேற. மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் இதெல்லாம் அன்னைக்கு ஒரு ஜோடி மாட்டுக்குப் பக்கத்துல வெச்சுப் பேசுற சாமான். வாங்கினா மட்டும் போதாது, போஸ்டாபீஸ்ல வருஷத்துக்கு 15 ரூபாய் கட்டி லைசென்ஸ் புத்தகத்துல முத்திரை வாங்கணும். 1980கள் நடுவுலதான் அந்த லைசென்ஸை எடுத்தாங்க. இப்படி வரி கட்டி வெச்சிருந்த பெட்டியை டவுன் மெக்கானிக்கிட்ட விட்டுட்டு வர மனசு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அது வால்வு ரேடியோ காலம். சுவிட்சைப் போட்டா உடனே பாடாது, உள்ளே கண்ணாடிக் குழாய் சூடாகி மெதுவாச் செவந்து அப்புறம்தான் சத்தம் வரும். சாதாரண வீட்டு செட்டுல பெரும்பாலும் அஞ்சு வால்வு. வால்வுல ஒரு சங்கடம் என்னன்னா, அது தேய்ஞ்சாலும் வெளிய தெரியாது. உள்ளே இருக்கிற கம்பி நல்லா செவந்து எரியும், ஆனா சத்து போயிருக்கும். சத்தம் குறையும், தூரத்து ஸ்டேஷன் எடுக்காது. ஒரு மெக்கானிக் நினைச்சா நம்ம நல்ல வால்வைக் கழட்டிக்கிட்டு இன்னொருத்தரோட கிழட்டு வால்வைச் சொருகி விட்டுடலாம். செட்டு பாடும். ஆறு மாசம் கழிச்சுத்தான் மங்கும். அப்போ போய்க் கேட்டா, "வால்வு வயசாயிடுச்சுய்யா"ம்பார். அவர் சொல்றது நிஜமாவும் இருக்கலாம், பொய்யாவும் இருக்கலாம், நமக்கு எப்படித் தெரியும்?

எங்க பெரியப்பா இதுக்கு ஒரு வழி வெச்சிருந்தார். செட்டைக் கொடுக்கிறதுக்கு முந்தின நாள் பின்பக்க அட்டையைக் கழட்டி, ஒவ்வொரு வால்வு அடியிலயும் வெத்தலைச் சுண்ணாம்பால ஒரு பொட்டு வெச்சிடுவார். திரும்பி வந்ததும் முதல் வேலை பொட்டு எண்ணுறது. ஒரு தடவை நாலு பொட்டுதான் இருந்துச்சு. வண்டி கட்டிக்கிட்டுப் போனார். மெக்கானிக் கோவப்படாம, மேஜை டிராயர்லேர்ந்து சுண்ணாம்புப் பொட்டோட பழைய வால்வை எடுத்துக் காட்டி, "இது போச்சுங்க, அதான் புதுசு போட்டேன், பில்லுல இருக்கு பாருங்க"ன்னு சொல்லியிருக்கார். பெரியப்பாவுக்குப் பதில் இல்லை. ஆனா அன்னையிலிருந்து அந்தக் கடையில அவருக்கு மட்டும் பழைய சாமானைப் பொட்டலம் கட்டிக் கையில கொடுத்துடுவாங்க.

டிரான்சிஸ்டர் வந்ததும் சண்டை இலங்கை வானொலிக்கு மாறுச்சு. செட்டு சின்னதாச்சு, தோள்ல மாட்டிக்கிட்டு களை எடுக்கிற இடத்துக்குக் கூடக் கொண்டு போகலாம். ஸ்பீக்கர் கம்பி அறுந்ததுன்னு கொடுத்திருப்போம். சரி பண்ணி வரும். திருச்சி நல்லா கேட்கும், இலங்கை மட்டும் கேட்காது. காரணம் எனக்குப் பின்னாலதான் தெரிஞ்சது. உள்ளே சின்னச் சின்னத் தகர டப்பா மாதிரி காயில் இருக்கும், அதுக்கு நடுவுல திருகுற மாதிரி ஒரு கோர். கம்பெனியில மிஷின் வெச்சு அளந்து திருகி, நகராம இருக்க மெழுகு ஊத்தி வெச்சிருப்பாங்க. கத்துக்குட்டி மெக்கானிக் அதுல ஸ்க்ரூ டிரைவரை வெச்சுட்டா பக்கத்து ஸ்டேஷன் வரும், தூரத்து ஸ்டேஷன் போயிடும். விஷயம் தெரிஞ்சவங்க வாங்கும்போதே மெழுகு உடைஞ்சிருக்கான்னு பார்ப்பாங்க. தெரியாதவங்க, "என் இலங்கையைத் திருடிட்டான்"னு கத்துவாங்க. அப்படிக் கத்தினவரை நான் என் காதால கேட்டிருக்கேன்.

இதுல கரண்டு ஒரு தனி வில்லன். டவுன்ல 230 வோல்ட் சரியா இருக்கும். நம்ம ஊர்ல மூணு முனைக் கரண்டு வந்து எல்லாரும் மோட்டாரைப் போட்டா பல்பு செவப்பாத் தெரியும். கடையில பாடின செட்டு வீட்டுக்கு வந்து இரையும், இல்லேன்னா ஊமையா நிக்கும். திரும்பக் கடைக்குக் கொண்டு போனா அங்கே ஜம்முனு பாடும். மெக்கானிக், "நல்லாத்தானே இருக்கு"ம்பார், நம்மாளு, "நான் என்ன பைத்தியமா"ம்பார். ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான்.

அப்புறம் 1980கள். துபாய், சவுதி போனவங்க டூ-இன்-ஒன் கொண்டு வந்தாங்க. அதுக்குப் பின்னால 110, 220னு வோல்டேஜ் மாத்துற சுவிட்ச் இருக்கும். 110ல இருந்தது தெரியாம சொருகி, ஒரே நொடியில டிரான்ஸ்ஃபார்மர் புகைஞ்ச வீடுகள் உண்டு. ஆனா நான் சொல்ல வந்தது அது இல்லை.

எங்க தெருவுல ஒரு அக்கா. அவங்க வீட்டுக்காரர் சவுதியில டிரைவர். அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். அதனால அவர் லெட்டர் போட மாட்டார், கேசட்டுல பேசி ஊருக்கு வர்ற ஆள்கிட்ட கொடுத்து விடுவார். அந்தக் காலத்துல வெளிநாட்டுக்கு ஆள் போன பல வீட்டுல இதுதான் கடுதாசி. ஒரு நாள் கேட்டுக்கிட்டு இருக்கும்போதே டேப்பு ரோலர்ல சுத்திக்கிட்டு நின்னுடுச்சு, கேசட்டும் வெளிய வரல. அப்படியே டவுன் கடைக்குப் போச்சு. கடைக்காரர் துண்டுச் சீட்டுல "டேப் 1"னு மட்டும் எழுதிக் கொடுத்தார்.

ஒரு வாரம் கழிச்சு வாங்கப் போனோம். துணைக்கு நான் போயிருந்தேன், அப்போ எனக்குப் பதினெட்டு வயசு இருக்கும். பெல்ட் புதுசு, ஹெட் கிளீன் பண்ணியாச்சு, 60 ரூபாய். செட்டு பாடுச்சு. கேசட் இல்லை. கேட்டா, "கேசட்டுன்னு சீட்டுல இல்லையேம்மா"ன்னார். அக்கா விடல. கொஞ்ச நேரம் கழிச்சு, "உள்ளே சிக்கினதை பிளேடால அறுத்துத்தான் எடுக்கணும், குப்பையில போயிருக்கும். புதுசா காலி கேசட் ஒண்ணு தர்றேன், எடுத்துக்கிட்டுப் போம்மா"ன்னார். அவர் அளவுல அது நியாயமான பேச்சுதான். கேசட்டுக்கு கேசட்டு.

அக்கா, "அதுல அவரு பேசியிருக்காருங்க"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டுக் கடைப் படியில உட்கார்ந்துட்டாங்க. சத்தம் போடல, அழல. அஞ்சு மணிக்கு எங்க ஊர் பஸ் போயிடுச்சு. கடைப் பையன் மனசு கேட்காம மேஜைக்கு அடியில கிடந்த சாக்கைக் கொட்டிக் கிளறினான். ஈயத்துண்டு, அறுந்த பெல்ட்டு, நடுவுல பட்டுநூல் சிக்கல் மாதிரி அந்த டேப்பு. அதுக்கப்புறம் அந்த மெக்கானிக் செஞ்சதைச் சொல்லணும். வேற வேலையெல்லாம் ஒதுக்கி வெச்சுட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து சிக்கெடுத்து, கசங்கின இடத்தை வெட்டிப் போட்டு, செல்லோ டேப் ஒட்டி, வேற கேசட் கூட்டுல பென்சிலால சுத்தி ஏத்தினார். போட்டுப் பார்த்தா அவர் குரல் வந்தது. நடுவுல ஒரு இடத்துல மட்டும் பேச்சு தாவுச்சு. 60 கேட்டவர் 40 போதும்னுட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு அவர் லீவுல வந்தப்போ, அந்த வெட்டுப்பட்ட இடத்துல என்ன சொன்னீங்கன்னு அக்கா கேட்டிருக்காங்க. அவருக்கு ஞாபகம் இல்லை.

சீட்டுல "டேப் 1, உள்ளே கேசட் 1"னு ரெண்டு வார்த்தை கூட எழுதியிருந்தா அன்னைக்கு அந்தத் தகராறே இல்லை. அந்தச் சீட்டு பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும். பின்னால அச்சடிச்சிருப்பாங்க, 30 நாளுக்குள்ள எடுக்காத பொருளுக்கு நிர்வாகம் பொறுப்பல்லன்னு. நாம அறுவடைப் பணம் வந்ததும் எடுத்துக்கலாம்னு மூணு மாசம் விட்டிருப்போம். போனா செட்டை வித்திருப்பாங்க. எங்க பக்கத்து ஊர் வக்கீல் ஒருத்தர் எனக்கு விளக்கினார். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 170ஆம் பிரிவு. உழைச்சுச் சரி பண்ணின பொருளைக் கூலி வர்ற வரைக்கும் பிடிச்சு வெச்சுக்க ரிப்பேர்காரருக்கு உரிமை உண்டு. ஆனா அந்தப் பிரிவு பிடிச்சு வெச்சுக்கத்தான், விக்கிறதுக்கு இல்லை. சட்டத்துலயே அதுக்கு உதாரணமா, நகைக்காரர்கிட்ட பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தையும் தையல்காரர்கிட்ட கொடுத்த துணியையும் சொல்லியிருக்காங்களாம். தையல்காரர் மூணு மாசம் கடன் சொல்லியிருந்தா கோட்டைப் பிடிச்சு வெச்சுக்க முடியாது. 1986ல நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு சேவைக் குறைபாடுன்னு மாவட்டத்துலயே வழக்குப் போடலாம். இப்போ இருக்கிற 2019 சட்டப்படி 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை, நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

எங்க ஊர்லேர்ந்து ரேடியோவுக்காக அப்படி யாரும் போனதா எனக்குத் தெரியாது. 60 ரூபாய்ச் சண்டைக்கு நாலு நாள் வேலையை விட்டுட்டுப் போறது யாரு? போனாலும் கையில பில்லு வேணுமே. பில்லுன்னா வரி கூடன்னு கடைக்காரர் சொல்வார், வேண்டாம்னு நாமளே சொல்லிடுவோம்.

மெக்கானிக் பக்கமும் நியாயம் உண்டு. வீட்டுல பையன் கழட்டிப் பார்த்து நாலு ஸ்க்ரூவைத் தொலைச்சிட்டு, "ஒண்ணுமே தொடல"ன்னு கொண்டு வந்து கொடுப்பாங்க. 40 ரூபாய் சாமான் போட்டு வெச்ச செட்டை எடுக்க ஆளே வராது. கோளாறைக் கண்டுபிடிக்க ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கும், மாத்தின கண்டென்சர் ஒரு ரூபாய்தான் இருக்கும். "ஒரு ரூபா சாமானுக்கு இருபது ரூபாயா"ன்னு கேட்கிற நாமதான் நாட்டு வைத்தியர்கிட்ட தழை என்ன விலைன்னு கேட்க மாட்டோம்.

1990கள்ல சண்டை பெருசாச்சு, ஏன்னா காசு பெருசாச்சு. கொடைக்கானல் எஃப்.எம். எங்க பக்கம் கணீர்னு கேட்க ஆரம்பிச்சதும், பழைய செட்டுல எஃப்.எம். போர்டு வெச்சுத் தர்றேன்னு ஒவ்வொரு கடையிலயும் சொன்னாங்க. அது வெச்ச பிறகு இரைச்சல், பெட்டியில ஓட்டை, பழைய மீடியம் வேவ் போச்சு. ஆள் வெச்சுச் செய்யச் சொன்னதே நாமங்கிறதால வாயைத் திறக்கவும் முடியல.

மைக்செட் வெச்சுப் பிழைச்சவங்க பாடுதான் ரொம்ப மோசம். வீட்டு ரேடியோ போனா பாட்டு போச்சு, அவங்களுக்கு ஆம்ப்ளிஃபயர் போனா முகூர்த்தம் போச்சு. அப்போ கம்பெனி ஆம்ப்ளிஃபயர் வாங்க முடியாதவங்க டவுன்ல அசெம்பிள் பண்ணச் சொல்வாங்க. 200 வாட்ஸ்னு பேசி காசு வாங்குவாங்க. உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் 12 வோல்ட், 3 ஆம்பியர். பெருக்கிப் பாருங்க, 36. அதுக்கு மேல தொடர்ந்து எப்படி வரும்? ஒரு எச்.பி. மோட்டார்ல அஞ்சு எச்.பி. தண்ணி கேட்ட கதைதான். பெட்டியில பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ்னு ஸ்டிக்கர் ஒட்டினதும் இதே வித்தைதான், அது கண நேர உச்சத்தைச் சொல்ற கணக்கு, அதுக்கு ஒரு பொது அளவுகோலே கிடையாது. 3055ன்னு ஒரு டிரான்சிஸ்டர், இரும்புத் தொப்பி மாதிரி இருக்கும், அதுலயும் போலி வந்துச்சு. மேல அதே எழுத்து இருக்கும். தொப்பியை அறுத்துப் பார்த்தா உள்ளே சிப் கடுகளவு. கொஞ்சம் சத்தம் ஏத்தினா போயிடும்.

குழாய் யூனிட்ல காயில் போனா, "நீ டூப்ளிகேட் போட்டே"ன்னு இவர், "நீ ஓவரா வெச்சே"ன்னு அவர். எங்க ஊர் மைக்செட் அண்ணன் ஒருத்தர் இதுக்குத் தீர்ப்புச் சொல்வார். போன காயிலைக் கையில வாங்கிப் பார்ப்பார். சுத்திலும் கருகியிருந்தா சத்தம் ஏத்தினவர் தப்பு. ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சிருந்தா நடுவுல சரியா உட்கார வைக்காத மெக்கானிக் தப்பு. ரெண்டு தரப்பும் ஏத்துக்குவாங்க. அதனாலதான் அவர்கிட்ட வர்றவங்க கழட்டின சாமானைத் தூக்கிப் போடாம மடியில முடிஞ்சு வருவாங்க.

இப்போ ரிப்பேர்னு சொல்றதே குறைஞ்சு போச்சு. போர்டு மாத்தணும், இல்லேன்னா புதுசு வாங்குங்கன்னு முடிச்சிடுறாங்க. பழைய வால்வு ரேடியோவைத் தேடி விலைக்கு வாங்குறவங்க வர்றாங்க. ஆனா பின் அட்டையைக் கழட்டினா நிறைய பெட்டியில வால்வு, காயில் எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சுட்டு புளூடூத் போர்டு வெச்சிருக்கு. வந்தவங்க அட்டையை மூடிட்டுப் போயிடுறாங்க.

போன வருஷம் டவுன்ல ஒரு பழைய ரேடியோ கடையை மூடினாங்க. அலமாரி நிறைய ஆள் வராத செட்டு, ஒவ்வொண்ணுலயும் நூல்ல கட்டின சீட்டு, ஊர் பேரு, ஆள் பேரு, என்ன கோளாறு. பெரியவரோட மகன் எங்கிட்ட, "அண்ணே, இதை எடைக்குப் போடலாமா, யாராவது வந்து கேட்பாங்களா"ன்னு கேட்டார். 170ஆம் பிரிவைச் சொன்னேன். சிரிச்சார். எங்க ஊர்ச் சீட்டு மூணு இருந்துச்சு, எடுத்துட்டு வந்து அந்தந்த வீட்டுல கொடுத்தேன். ரெண்டு வீட்டுல பேரப் பிள்ளைங்கதான் இருக்காங்க. மூணாவது செட்டோட சீட்டுல "சத்தம் கம்மி, வால்வு பார்க்கவும், 12 ரூ. பாக்கி"ன்னு எழுதியிருந்துச்சு. அந்த வீட்டு அம்மா உள்ளே போய் 12 ரூபாய் எடுத்துட்டு வந்து, கடைக்காரர் மகன்கிட்ட சேர்த்துடச் சொல்லிக் கொடுத்தாங்க. வர்ற வியாழன் சந்தைக்குப் போகும்போது கொடுக்கணும்.