யுத்தம் முடிந்த மறுநாள்

கம்ப ராமாயணம் யுத்த காண்டத்தோடு முடிகிறது. ராவணன் மாண்டான்; ராமன் அயோத்திக்குத் திரும்பினான்; முடிசூட்டு விழாவும் ஆயிற்று. ஏட்டைக் கட்டி வைத்துவிட்டார் கம்பர். அதற்கப்புறம் அந்தக் குடும்பத்தில் நடந்ததைச் சொல்லும் உத்தர காண்டத்தை அவர் தொடவில்லை. கெட்டிக்காரர்! சரித்திர ஆசிரியர்களிலும் பெரும்பாலோர் இந்த விஷயத்தில் கம்பர் கட்சிதான். 1945-ல் ஜப்பான் சரணடைந்தது என்று எழுதிப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மறுநாள் சிப்பாய் எங்கே போனான், அவன் பெண்டாட்டி அவனைப் பார்த்து என்ன சொன்னாள் என்பதையெல்லாம் என்னைப் போல் கதை எழுதுகிறவன்தான் தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். பட்டாளத்தைக் கலைப்பதற்கு, தொழில் மந்திரியாக இருந்த எர்னஸ்ட் பெவின் அருமையான கணக்கு ஒன்று போட்டிருந்தார். வயது எத்தனை, சேவை எத்தனை மாதம் என்று பார்த்து, இரண்டு மாத சேவையை ஒரு வயதாக வைத்து, யார் முதலில் வீட்டுக்குப் போகலாம் என்று முறை வகுத்தார்கள். 1945 ஜூன் 18-ந் தேதி ஆரம்பித்து, அடுத்த வருஷக் கடைசிக்குள் நாற்பது லட்சம் பேருக்கு மேல் வெளியே வந்துவிட்டார்கள். போகும்போது ஆளுக்கு ஓர் உடுப்பு: கோட்டு, கால்சட்டை, சட்டை, டை, தொப்பி, பூட்ஸ், மழைக்கோட்டு வரையில் அட்டைப் பெட்டியில் போட்டுச் சர்க்காரே கொடுத்தது. ஒரே மாதிரி உடுப்பிலிருந்து தப்பித்து வந்தவன், இன்னோர் ஒரே மாதிரி உடுப்பில் ரயிலேறினான்.

வீட்டுக் கதவைத் தட்டினால் திறப்பது யார்? கணவன் இல்லாத நாலைந்து வருஷம் தொழிற்சாலைக்குப் போய்ச் சம்பாதித்து, குண்டு விழுந்த இரவுகளில் தன்னந்தனியாகக் குழந்தைகளைக் கட்டிக் காத்த ஸ்திரீ. அவளுடைய கணக்கு வழக்கு, அவளுடைய தீர்மானம் என்று வீடு ஒரு விதமாக ஓடிப் பழகிவிட்டது. குழந்தைக்கோ அப்பா என்றால் அலமாரி மேலிருக்கும் படம். இந்தப் புது மனுஷன் அம்மாவின் பக்கத்தில் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ள வந்தவன். யுத்த காலத்தில் இல்லாத ரொட்டி ரேஷன் 1946-ல் வந்தது. வீடு கிடைக்காத முன்னாள் சிப்பாய்கள் அந்த வருஷம் மனைவி மக்களோடு காலியான ராணுவ முகாம்களில் புகுந்து குடியேறினார்கள். எந்தத் தகரக் கொட்டகையை விட்டு எப்போது போவோம் என்று துடித்தார்களோ, அதே கொட்டகை!

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1938-ல் ஆறாயிரம் சொச்சமாக இருந்த விவாகரத்து, 1947-ல் அறுபதினாயிரத்தை எட்டியது. 1937-ல் சட்டம் தளர்ந்ததும் இதற்கு ஒரு காரணந்தான். ஆனால் சட்டம் கதவைத்தான் திறக்கும். உள்ளேயிருப்பவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளாது.

எல்லோரையும்விடப் பரிதாபம், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் சிக்கியவர்களுடையது. சயாம்-பர்மா ரயில் பாதை போட்டுப் பிழைத்துத் திரும்பிய இவர்கள் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுக்கப்பட்டது. 'உன் நாவைக் காத்துக்கொள்' என்று அதற்குப் பெயர். பட்டதைப் பத்திரிகைகளிடம் சொன்னால், திரும்பி வராதவர்களின் குடும்பத்தார் மனம் நோகும் என்பது அதில் கூறிய நியாயம். நல்லெண்ணந்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்திரிகைக்குச் சொல்லாதவன் பெண்டாட்டியிடமும் சொல்லாமல் இருந்துவிட்டான். கைதிகளாயிருந்து மீண்டவர்களுக்கென்று சர்க்கார் இருபது முகாம்கள் வைத்து, தொழில் பழக்கி, வைத்தியரோடு பேச வைத்து, பெண்களோடு சகஜமாகப் பழகவும் வழி செய்தது. இருபதினாயிரம் பேருக்கு மேல் போய்ப் பயன் பெற்றார்கள். அதிலும் கீழ்த்திசையிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

எரிக் லோமாக்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அந்தப் பாதையோரத்தில் ரகசிய ரேடியோ வைத்திருந்ததற்காகச் சித்திரவதைப்பட்டவர். ஊர் திரும்பினால் தாயார் காலமாகியிருந்தார். தகப்பனார் மறுமணம் செய்துகொண்டிருந்தார். காத்திருந்த பெண்ணை உடனே கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. பல வருஷம் கழித்து இரண்டாவது மனைவியின் முயற்சியால்தான் மனம் திறந்தார். விசாரணையில் மொழிபெயர்த்த ஜப்பானியரை 1993-ல் நேரில் சந்தித்தார். 1995-ல் புத்தகம் எழுதினார். சொல்லி முடிக்க ஐம்பது வருஷம்!

அந்தப் பாதையில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மட்டுமா கிடந்தார்கள்? மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கூலிக்கென்று கொண்டுபோகப்பட்ட நம் தமிழ் ஜனங்கள் ஆயிரம் ஆயிரமாக மாண்டார்கள். சயாம் மரண ரயில் என்று அவர்கள் சந்ததியார் சொல்லுகிறார்கள். பிழைத்தவர்கள் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். லயத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்த்துவிட்டு, மறுபடியும் பால் வெட்டப் போனார்கள். நாவைக் காத்துக்கொள் என்று அவர்களுக்கு யாரும் அச்சடித்துக் கொடுக்கவில்லை. கேட்க ஆள் இருந்தால் அல்லவா அந்தக் கவலை!

2000-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் சர்க்கார், ஜப்பானியரிடம் கைதியாயிருந்து உயிரோடு மிஞ்சிய தன் பழைய சிப்பாய்களுக்கும், இறந்தவர்களின் விதவைகளுக்கும் தலைக்குப் பத்தாயிரம் பவுன் கொடுப்பதாக அறிவித்தது. தோட்டத்துத் தமிழர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.