பத்மநாபன் எழுதாத சுயசரிதை

கொஞ்ச நாளா ஒரு வியாதி. ராத்திரி பொட்டி தட்டி முடிச்சுட்டு வந்து சாமி தேடினவங்க கதையா படிச்சுக்கிட்டிருக்கேன். டிவியில வர்ற சாமியார்கள் இல்லைங்க. "நான் இப்படி அலைஞ்சேன், இங்க விழுந்தேன், அப்புறம் இது கிடைச்சது"ன்னு தன் கையாலேயே எழுதி வெச்சுட்டுப் போனவங்க. மதமெல்லாம் பாக்கறதில்லை. கிறிஸ்தவர், முஸ்லிம், ஜைனர், சைவர், யார் எழுதினாலும் சரி.

இந்த வரிசையில எல்லாரும் முதல்ல கை வைக்கிறது புனித அகஸ்டின் மேலதான். 397-400 வாக்கில எழுதினது. பதினாறு வயசுல கூட்டாளிகளோட சேர்ந்து பக்கத்துத் தோட்டத்துல பேரிக்காய் திருடினதுக்கு மனுஷன் பக்கம் பக்கமா அழுவார். பசிக்குத் திருடலை, திருடணும்னே திருடினேன், அதுதான் கொடுமைங்கிறது அவர் வாதம். (நம்மூர்ல மாங்கா அடிச்சதுக்கெல்லாம் கணக்கு எழுத ஆரம்பிச்சா காகிதம் பத்தாது.) அடுத்தது இமாம் கஸ்ஸாலி. பாக்தாத்தில பெரிய மதரஸாவில தலைமைப் பேராசிரியர். 1095-ல ஒருநாள் பாடம் நடத்த வாயைத் திறக்கிறார், வார்த்தை வரலை. நாக்கு கட்டிப்போச்சு, சாப்பாடு இறங்கலை. மருத்துவர்கள் கையை விரிச்சுட்டாங்க. எல்லாத்தையும் விட்டுட்டுக் கிளம்பிட்டார். வேலையில காஞ்சு போறதுன்னு இப்ப நம்ம ஆபீஸ்ல சொல்றாங்களே, அதை ஒருத்தர் இவ்வளவு நேர்மையா எழுதி 900 வருஷத்துக்கு மேல ஆச்சு.

ஆனா இவங்க ரெண்டு பேர்கிட்டயும் எனக்கு ஒரு குறை உண்டு. க்ளைமாக்ஸ் தெரிஞ்சுக்கிட்டு எடுத்த படம் மாதிரி இருக்கும். கடைசியில வெளிச்சம் கிடைச்சாச்சு, அங்க உக்காந்துக்கிட்டு பின்னாடி திரும்பிப் பாத்து எழுதறாங்க. அதனால ஒவ்வொரு சறுக்கலுக்கும் ஒரு அர்த்தம் வந்துடுது.

அப்படி இல்லாத ஆள் ஒருத்தர் உண்டு. பனாரசிதாஸ். 1586-ல ஜோன்பூர்ல பிறந்த ஜைன வியாபாரி. 1641-ல ஆக்ராவில உக்காந்து 'அர்தகதானக்'னு தன் கதையைச் செய்யுளா எழுதினார். பாதிக் கதைன்னு அர்த்தம். மனுஷ ஆயுசு 110 வருஷம், எனக்கு 55 ஆச்சு, ஆக இது பாதின்னு ஒரு கணக்கு. (மீதிக் கதை வரவே இல்லை.) இந்தியாவில எழுதப்பட்ட முதல் முழு சுயசரிதைன்னு பலர் சொல்றது இதைத்தான். பாபர் எழுதினதைச் சேர்ப்பதா வேண்டாமாங்கிற சண்டைக்கு நான் வரலை.

வியாபாரத்தில போட்ட முதலெல்லாம் நஷ்டம். பெத்த குழந்தைகள் ஒன்பதும் செத்துப்போச்சு. இதுக்கு நடுவுல தேடல் வேற. ஒரு சந்நியாசி வந்து, இந்த மந்திரத்தை ஒரு வருஷம் யாருக்கும் தெரியாம கக்கூஸ்ல உக்காந்து ஜெபிச்சா, அப்புறம் தினமும் வாசல்ல ஒரு பொற்காசு கிடக்கும்னு சொல்லியிருக்கான். இவரும் ஒரு வருஷம் ஜெபிச்சுட்டு வாசலைப் போய்ப் பாத்திருக்கார். காசும் இல்லை ஒண்ணும் இல்லை :-) அப்புறம் ஒரு சங்கை வெச்சு சிவபூஜை. 1605-ல அக்பர் செத்த சேதி வந்தப்போ படிக்கட்டுல இருந்தவர் அப்படியே உருண்டு விழுந்து மண்டை உடைஞ்சது. நான் விழுந்தப்போ சிவன் எங்க போனார்னு யோசிச்சு, பூஜையை நிறுத்திட்டார். வாலிபத்துல எழுதின சிருங்காரக் கவிதைக் கட்டு முழுசையும் ஒருநாள் கோமதி ஆத்துல வீசிட்டார். பிற்பாடு குந்தகுந்தரோட சமயசாரத்தைப் படிச்சுட்டு, பாதி புரிஞ்சும் பாதி புரியாமலும், நண்பர்களோட ஒரு ரூமுக்குள்ள அம்மணமா சுத்திவந்து, நாங்க முனிவராயிட்டோம்னு கூத்தடிச்சதையும் ஒளிக்காம எழுதியிருக்கார். (அந்தக் குந்தகுந்தர் தவம் செஞ்ச இடம்னு தமிழ் ஜைனர்கள் கும்பிடறது வந்தவாசி பக்கத்துப் பொன்னூர் மலையை. ஆக்ராவில நடந்த கூத்துக்கு வேர் நம்ம பக்கம்.)

கடைசியில தன் நல்ல குணம், கெட்ட குணம் ரெண்டையும் லிஸ்ட் போட்டுட்டு முடிச்சுடறார். ஞானம் அடைஞ்சேன்னு எங்கயும் சொல்லலை.

சரி, இதுக்கும் எங்க ஊருக்கும் என்ன சம்பந்தம்?

எங்க ஊர் திருப்பாலைவனம். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போற ரோட்டுல, பாலீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். பழவேற்காடுன்னா இப்ப எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஏரி, பூநாரை, இறால், நண்டு. 1630-கள்ல அது அப்படி இல்லை. டச்சுக் கம்பெனியோட சோழமண்டலக் கரைத் தலைமையிடம் அது. 1613-ல கட்டின ஜெல்ட்ரியா கோட்டை, வெடிமருந்து ஆலை, துணி ஏத்துமதி. மலேசியாவில இன்னைக்கும் லுங்கிக்கு 'காயின் பெலிக்காட்'னு பேர், அந்தப் பெலிக்காட் நம்ம பழவேற்காடுதான். துணியோட மனுஷங்களும் ஏத்துமதி ஆனாங்க. பஞ்சத்துலயும் போர்லயும் சிக்கினவங்களை ஆயிரக்கணக்குல அடிமையாக்கி படேவியாவுக்கு, அதாவது இப்போதைய ஜகார்த்தாவுக்கு, இந்தக் கரையிலிருந்துதான் அனுப்பியிருக்காங்க. மெட்ராஸ்னு ஒரு ஊர் 1639-க்கு அப்புறம்தான் வருது, அதுவரைக்கும் இந்தப் பக்கத்துல பெரிய பட்டணம் எங்களுது. (லேசா பெருமை வருது, அடிமைக் கப்பலை நினைச்சா உடனே இறங்கியும் போகுது.)

அந்தக் கோட்டையில பாதிரியாரா இருந்தவர் ஆபிரகாம் ரோஜர். சுமார் பத்து வருஷம், 1642 வரைக்கும். அவருக்குப் பழக்கமானவர் பத்மநாபன்ங்கிற பிராமணர். ரெண்டு பேரும் பேசிக்கிட்டது போர்ச்சுகீசிய பாஷையில. அன்னைக்குக் கரையோரத்துக்கே அதுதான் பொது பாஷை. பாதிரியார் கேட்பார், இவர் சொல்வார். வேதம் எத்தனை, என்ன சடங்கு, கல்யாணம் எப்படி, சாவு எப்படி, சாமி யார் யார், செத்த பிறகு என்ன. பாதிரியார் குறிச்சுக்கிட்டார்.

அந்தக் குறிப்புதான் 1651-ல ஹாலந்துல, லெய்டன் நகரத்துல புத்தகமா வந்தது. 'மறைந்து கிடக்கும் அஞ்ஞான மதத்துக்கு ஒரு திறந்த கதவு'ன்னு தலைப்பு. ரோஜர் அதைப் பாக்கலை. 1649-லயே செத்துட்டார். 1663-ல ஜெர்மன்ல, 1670-ல பிரெஞ்சுல வந்தது. இந்து மதத்தைப் பத்தி ஐரோப்பா ரொம்ப நாள் நம்பிப் படிச்ச புத்தகங்கள்ல இது ஒண்ணு. தலைப்புல திமிர் இருக்கு, ஆனா உள்ள வசவு கம்மி. கேட்டதைக் கேட்டபடி எழுதணும்னு மனுஷன் மெனக்கெட்டிருக்கார். எனக்குச் சொன்னவர் பத்மநாபன்னு பேரையும் போட்டிருக்கார். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

இதுல என்னைக் குடையற விஷயம் வேற. ஒருத்தர்கிட்ட மதத்தைப் பத்திக் கேட்ட புத்தகத்துல, அந்த ஒருத்தரோட கதை இல்லை.

எங்க தொழில்ல இது தினமும் நடக்கறதுதான். கிளையன்ட் ஆபீஸ்ல குமாஸ்தா ஒருத்தரை உக்கார வெச்சு, இந்த ஃபார்ம் வந்தா என்ன பண்ணுவீங்க, யார்கிட்ட கையெழுத்து வாங்குவீங்கன்னு ரெண்டு வாரம் குடைவோம். எல்லாம் ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட்டுல ஏறிடும். அந்த வேலை அவருக்குப் பிடிச்சிருக்கா, சிஸ்டம் வந்தப்புறம் அவர் என்ன பண்ணப் போறார், இதுக்கு அதுல காலம் கிடையாது. ரோஜர் எழுதினது மிக நல்ல ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட். பத்மநாபன் "நாங்கள் இப்படிச் செய்வோம்"னு சொல்லியிருப்பார். பாதிரியார் பேனாவில அது "அவர்கள் இப்படிச் செய்வார்கள்"னு ஆயிடுச்சு. நாங்கள் அவர்களாகிற அந்த இடத்துல ஒரு 'நான்' வழுக்கி விழுந்துடுச்சு.

புத்தகத்துல ஒரே ஒரு இடத்துல அந்த ஆள் நிழல் தெரியுதுன்னு எனக்குத் தோணும். பின்னிணைப்பா பர்த்ருஹரி சதகங்களைப் பத்மநாபன் போர்ச்சுகீசியத்துல சொல்ல, ரோஜர் டச்சுல எழுதினது இருக்கு. சமஸ்கிருதத்துலேர்ந்து ஐரோப்பிய மொழிக்குப் போய் அச்சேறின முதல் இலக்கியம் இதுதாங்க. நடந்தது காசியில இல்லை, ஆக்ஸ்ஃபோர்டுல இல்லை, பழவேற்காட்டுல. பின்னாடி ஜெர்மானிய அறிஞர் ஹெர்டர்கூட இதிலேர்ந்து சில வரிகளை எடுத்து ஆண்டிருக்கார். ஆனா பர்த்ருஹரி பாடினது மூணு நூறு. நீதி, வைராக்கியம், சிருங்காரம். புத்தகத்துல ரெண்டு நூறுதான். காதல் நூறு வரலை.

பாதிரியார் முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு கூச்சமா? இதையும் சொன்னா மத்ததையும் மதிக்க மாட்டாங்கன்னு கணக்கா? இல்லை, எல்லாத்தையுமா இவன்கிட்ட கொடுக்கறதுன்னு ஒரு வீம்பா? எனக்கு வீம்புன்னு நினைக்கத்தான் ஆசை. கிட்டத்தட்ட இதே காலத்துலதான் ஆக்ராவில ஒருத்தர், தன் காதல் கவிதைகளை ஆத்துல போட்ட கதையை எழுதிக்கிட்டிருந்தார். அவர் ஏன் போட்டார்னு நமக்குத் தெரியும், அவரே சொல்லிட்டார்.

'நம்மாளுங்களுக்கு நான்-னு எழுதற பழக்கமே கிடையாது, அதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு'ன்னு ஒரு வாதம் வரும். ஒத்துக்க மாட்டேன். மெட்ராஸ்லேர்ந்து எங்க ஊருக்குக் கடலோரமா வடக்க வாங்க. தண்டையார்பேட்டையில குணங்குடி மஸ்தான் சாகிபு தர்கா. 1838-ல அடங்கினவர். சித்தர் பாட்டு நடையில அல்லாவைத் தேடித் தவிச்ச அந்தப் பாட்டு முழுக்க 'நான்'தான். இன்னும் கொஞ்சம் வடக்க திருவொற்றியூர், பட்டினத்தார் சமாதி. காதற்ற ஊசியைப் பாத்துக் கப்பல் வியாபாரத்தை உதறினவர். அவர் சீடர் பத்திரகிரியார், ராஜ்ஜியத்தை விட்டவர். இந்தப் பத்திரகிரியும் அந்த பர்த்ருஹரியும் ஒரே கதையோட ரெண்டு கிளைன்னு சொல்றவங்க உண்டு. அதே திருவொற்றியூர் கோயிலுக்கு மெட்ராஸ்ல இருந்த காலம் முழுக்க வந்துபோனவர் வள்ளலார். அவரோட 'பிள்ளைப் பெரு விண்ணப்பம்' படிச்சுப் பாருங்க. யாராவது உரக்கப் பேசினா நடுக்கம், ஒரு உயிரைக் கொல்ற இடத்தைப் பாத்தா நடுக்கம்னு சின்ன வயசிலேர்ந்து தான் பயந்ததையெல்லாம் வரிசையா ஒப்பிக்கிறார். விண்ணப்பம்னு பேர் போட்ட சுயசரிதை அது. அகஸ்டினும் மொத்தப் புத்தகத்தையும் கடவுளைப் பாத்துத்தான் பேசறார், நாம ஓரமா நின்னு ஒட்டுக் கேக்கறோம். வித்தியாசம் ஒண்ணும் பெருசா இல்லை.

உரைநடையிலயும் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் வைணவ வேளாளர் குடும்பத்துல 1827-ல பிறந்த ஹெச்.ஏ.கிருஷ்ணபிள்ளை, தான் கிறிஸ்தவரான கதையை எழுதினார். வீட்டுல பட்ட பாடு சாதாரணம் இல்லை. அது தனிப் பதிவா வரும்.

அப்ப பத்மநாபன் மட்டும் ஏன் இல்லை? தன் சாமிகிட்ட 'நான்'னு சொல்லியிருப்பார், அது காத்தோட போயிடுச்சு. அவர் வார்த்தையை எழுதி வெச்சவர் முன்னாடி அவர் வேற நிலைமையில உக்காந்திருந்தார். எதிர்ல இருக்கிறது கோட்டை ஆள். துப்பாக்கியும் கப்பலும் அந்தப் பக்கம். அந்தத் துறையிலேர்ந்து கட்டிப்போட்ட மனுஷங்க ஏறிப் போறதைப் பாத்த ஒருத்தர்கிட்ட, சொல்லுங்க, உங்க சாமி யாருன்னு கேட்டா எதைச் சொல்வார்? சாஸ்திரத்தைச் சொல்வார். சாஸ்திரத்தைச் சொல்றதுல ஆபத்தில்லை. உனக்கு எப்பவாவது சந்தேகம் வந்ததா, ராத்திரி தூக்கம் வராம கிடந்தியா, பிள்ளை செத்தப்போ சாமியைத் திட்டினியா, இதையெல்லாம் கஸ்ஸாலி தானா சொன்னார், பனாரசிதாஸ் தானா சொன்னார். இவர்கிட்ட யாராவது கேட்டிருந்தாத்தான் உண்டு. புத்தகத்துல அப்படி ஒரு கேள்வி கேட்ட தடயம் இல்லை.

ரோஜர் மேல எனக்குக் கோவம் இல்லை. அவர் கேக்காம போயிருந்தா பத்மநாபன்ங்கிற பேரே நமக்குக் கிடைச்சிருக்காது. எங்க ஏரியோரக் குப்பங்கள்ல அதே வருஷங்கள்ல வலை போட்ட ஒருத்தர் பேராவது தெரியுமா? கடல்ல போன அண்ணனுக்காக எந்தத் தாயாகிட்ட என்ன வேண்டிக்கிட்டாங்க, பள்ளிவாசல்ல துவா செஞ்ச மரைக்காயர் வீட்டம்மா என்ன கேட்டாங்க, ஒரு எழுத்து கிடையாது.

டச்சுக்காரங்களுக்கு உண்டு. பழவேற்காடு டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனா, வாசல்ல ரெண்டு எலும்புக்கூட்டுச் சிலை நிக்கும். உள்ள பெரிய பெரிய கருங்கல் பலகைகள். பேர், வகிச்ச பதவி, செத்த தேதி, குடும்பச் சின்னம், எல்லாத்தையும் கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. கொஞ்ச தூரத்துல கோட்டை இருந்த இடம் மேடும் புதருமா கிடக்கு, சுத்தி அகழி மட்டும் மிச்சம். அந்த ரெண்டு பேரும் உக்காந்து பேசின திண்ணை அந்த முள்ளுக்குள்ள எங்கயோ இருந்திருக்கணும்.

உங்க வீட்டுப் பரண்ல தாத்தாவோ பாட்டியோ இந்த மாதிரி எழுதி வெச்ச நோட்டு, டைரி, கடுதாசி ஏதாவது இருந்தா பழைய பேப்பர் கடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க. கிடைச்சதைப் பின்னூட்டத்துல சொல்லுங்க, எந்த மதமா இருந்தாலும் சரி.