இனிஷியலுக்குள் ஓர் ஊர்

வெளி மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைகள் ஒருநாள் கேட்பார்கள்: "தாத்தா, நமக்குச் சொந்த ஊர் எது?" நாம் ஜில்லாவின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வோம். கிராமம் தெரிந்தவர்கள் குறைவு. நஞ்சன்கூட்டில் மூன்று தலைமுறையாகப் பாத்திரக் கடை வைத்திருக்கும் எங்கள் வீட்டிலும் அதே கதைதான். பேத்தி கேட்ட கேள்விக்காக நான் தேடப் புறப்பட்ட விவரத்தைச் சங்க அன்பர்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு செய்திகள் தீர்ந்த முடிவாக வழங்கிவந்தன. ஒன்று, தாது வருஷப் பஞ்சத்தில் பிழைக்க வழியின்றி மைசூர்ச் சீமைக்கு ஓடி வந்தோம் என்பது. மற்றொன்று, தாத்தாவின் பெயருக்கு முன்னுள்ள 'பொ.' அவர் தகப்பனார் பொன்னுசாமியைக் குறிக்கும் என்பது. இரண்டுமே தவறு என்று பின்னால் தெரிந்தது.

முதலில் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். 1876-78 பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தை மட்டுமா வாட்டியது? மைசூர்ச் சமஸ்தானத்தின் 1871 குடிக்கணக்கில் ஏறத்தாழ 50 லட்சம் பேர். 1881 கணக்கில் 42 லட்சம்தான். இங்கே இருந்தவர்களுக்கே கஞ்சி இல்லாதபோது, பஞ்சம் பிழைக்க இங்கே யார் வருவார்கள்? மைசூரிலிருந்து நஞ்சன்கூட்டுக்கு ரயில் வந்ததே 1891இல்தான். வியாபாரிகள் மூட்டையோடு வந்து இறங்கத் தோதான காலம் அதற்குப் பிறகுதான் என்று எனக்குப் பட்டது.

யூகம் யூகமாகவே இருந்திருக்கும். தாத்தா கடை மனை வாங்கிய கன்னடப் பத்திரத்தின் நகல் கிடைத்தது. ரயில் வந்து ஒரு தலைமுறை கழித்து எழுதப்பட்டது. அதில் அவர் வட ஆற்காடு ஜில்லா, வந்தவாசி தாலுகா, பொன்னூர் கிராம வாசி என்று இருக்கிறது. தகப்பனார் பெயரும் இருக்கிறது. அது பொன்னுசாமி இல்லை. ஆக, 'பொ.' என்பது பொன்னூர். கடைப் பலகையில் தகப்பனார் எழுத்து விடுபட்டுப்போய், ஊர் எழுத்து மட்டும் நின்றிருக்கிறது. பொன்னூர் தமிழ்ச் சமணர்களான நயினார்கள் வாழும் பழைய ஊர் என்பதால் ஐயத்துக்கும் இடமில்லை. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நமக்கு, இனிஷியலே விலாசம்.

இந்தத் தேடல் நமக்கு மட்டும் உரியதன்று. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர் 1,52,000 பேருக்கு மேல். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையிலிருந்து கப்பல் ஏறியவர்கள். முதலி அங்கே 'மூட்லி' ஆனார். பெயர் உருமாறினாலும் கப்பல் பதிவேட்டில் தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா எல்லாம் எழுதப்பட்டன. அதனால்தான் ஐந்தாறு தலைமுறை கழித்தும் அவர்களால் ஊரைத் தேடிக்கொண்டு வரமுடிகிறது. மொரீஷியஸில் மோக்கா என்னும் இடத்திலுள்ள மகாத்மா காந்தி நிலையம் இத்தகைய ஏடுகளைக் காத்துவருகிறது.

ஜெர்மானியர் கதை இன்னும் பாடம் சொல்லும். 1880களில் மட்டும் 14 லட்சம் பேருக்கு மேல் அமெரிக்கா போனார்கள். அங்கே ஷ்மிட் 'ஸ்மித்' ஆனார். ம்யூல்லர் 'மில்லர்' ஆனார். ஹாம்பர்க் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்களின் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் கிடைக்கின்றன. முன்பு குடியிருந்த ஊரும் அதில் உண்டு. பிரேமன் துறைமுகத்திலோ, இடம் போதவில்லை என்று பழைய பட்டியல்களை அதிகாரிகளே அழித்துவிட்டார்கள். மிஞ்சியதிலும் பெரும்பகுதி இரண்டாம் உலகப்போரில் போயிற்று. அந்த வழியாகப் போன குடும்பங்கள் இன்று கல்லறைக் கல்லையும் தேவாலய ஞானஸ்நானப் பதிவையும் நம்பித்தான் ஊர் தேடுகின்றன.

பிரேமன் அதிகாரிகளைக் குறைசொல்ல எனக்கு அருகதை இல்லை. கடையை இடித்துக் கட்டியபோது, தாத்தாவின் பேரேடுகளைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டவன் நான்தான். காரணம் அதேதான், இடம் இல்லை! ஊருக்கு மாசாமாசம் யார் பெயருக்குப் பணம் அனுப்பினார் என்பது அதில்தான் இருந்தது.

அதன் விலை பொன்னூரில் தெரிந்தது. பத்திர நகலோடு போய் நின்றேன். அன்போடு உட்காரவைத்து ஒரு பெரியவர் கேட்டார்: "நீங்க யாரு வகை? இங்க இருந்த பங்காளி யாரு?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஊர் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை.

சிரவணபெளகொளத்தில் 10ஆம் நூற்றாண்டில் எழுந்த கோமடேசுவரர் காலடியில், சாமுண்டராயன் அதைச் செய்வித்த செய்தி கன்னடத்தோடு தமிழிலும் வெட்டப்பட்டுள்ளது. பெரியவர்கள் செய்தியைக் கல் காக்கும். நம் போன்றோர் செய்தியைக் காகிதம்தான் காக்கவேண்டும். காகிதத்தை நாம் காக்கவேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் மூத்தவர் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். தாத்தா பாட்டி பெயர், கிராமம், தாலுகா, குலதெய்வம், பெண் கொடுத்து எடுத்த ஊர்கள், அங்கே தங்கிவிட்ட பங்காளிகள் பெயர் ஆகியவற்றை எழுதிவையுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, கிரயப் பத்திரம், பள்ளிக்கூட டி.சி., கணக்கு நோட்டு எதையும் எடைக்குப் போடாதீர்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராவிட்டால் கன்னடத்திலாவது எழுதிக்கொடுங்கள். என் பேத்திக்கு நான் அப்படித்தான் எழுதிக்கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு வரி மட்டும் காலியாக இருக்கிறது.