மரபணு மாற்றிய சுண்டெலிகளில் எதிர்ப்பொருள் மரபணு வெளிப்பாடு

எதிர்ப்பொருளுக்கான மரபணுத் துண்டுகள் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கின்றன. எதிர்ப்பொருளை உண்டாக்குபவை பி செல்களும் அவை முதிர்ந்து உருவாகும் பிளாஸ்மா செல்களும் மட்டுமே. ஒவ்வொரு பி செல்லும் எலும்பு மஜ்ஜையில் இத்துண்டுகளை வெட்டி ஒட்டித் தனக்கென ஒரு மரபணுவை அமைத்துக்கொள்கிறது. துண்டுகள் இப்படி இடம் மாறுவதை நொபுமிச்சி ஹொசுமியும் சுசுமு டோனெகாவாவும் 1976இல் காட்டினர். வெட்டி ஒட்டி முடிந்த மரபணுவைச் சுண்டெலியின் கருமுட்டையிலேயே செலுத்திவிட்டால் செல்கள் என்ன செய்யும்? இத்துறை பிறந்தது இந்தக் கேள்வியில்தான்.

1983இல் பிரின்ஸ்டர், ஸ்டோர்ப் குழுவினர் எதிர்ப்பொருளின் காப்பா என்னும் லேசான சங்கிலியின் மரபணுவைச் செலுத்தினர். அது மண்ணீரலில் வேலை செய்தது, கல்லீரலில் வாளாவிருந்தது. மறு ஆண்டு கிராஸ்செடல், பால்டிமோர், கோஸ்டான்டினி ஆகியோர் மியூ என்னும் கனமான சங்கிலியின் மரபணுவைச் செலுத்தினர். அதுவும் நிணநீர்த் திசுக்களில்தான் வெளிப்பட்டது; ஆனால் பி செல்களோடு, எதிர்ப்பொருள் செய்யாத டி செல்களிலும் தென்பட்டது.

இந்த எலிகளின் பெரிய கொடை வேறு. ஒரு பி செல் ஒரே வகை எதிர்ப்பொருளைத்தான் செய்யும். தாய்வழி, தந்தைவழி மரபணுக்களில் ஒன்று வெற்றிகரமாக அமைந்ததும் மற்றது ஒதுக்கப்படும். இதற்கு அல்லீல் விலக்கம் என்று பெயர். செலுத்திய மியூ சங்கிலியும் எலியின் சொந்தச் சங்கிலியும் ஒரு சிறு அடையாளத்தில் வேறுபட்டதால் இரண்டையும் தனித்தனியே எண்ண முடிந்தது. பெரும்பாலான செல்கள் புதிய சங்கிலியை ஏற்றுத் தம் சொந்த மரபணுவை அடக்கிவிட்டன. சில மட்டும் இரண்டையும் வெளியிட்டன. செல்சவ்வில் பதியும் மியூ வடிவமே 'போதும்' என்ற கட்டளையைத் தருகிறது என்பதை 1987இல் நுசென்ஸ்வைக் குழு நிறுவியது.

சிட்னியில் குட்னோ குழு 1988இல் செய்த சோதனை இன்றும் வியக்கவைக்கிறது. ஓர் எலிக்குக் கோழிமுட்டையின் லைசோசைம் என்னும் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருள் மரபணு. இன்னொன்றுக்கு லைசோசைமையே சுரக்கும் மரபணு. இவற்றை இணைசேர்த்துப் பிறந்த குட்டிகளில், தம் உடல் சுரக்கும் பொருளையே பற்றக்கூடிய பி செல்கள் அழியவில்லை. மேற்பரப்பில் ஐஜிஎம் என்னும் எதிர்ப்பொருள் வெகுவாகக் குறைந்து, செயலற்று முடங்கிக் கிடந்தன. தன் உடலைத் தாக்காதிருக்கும் சகிப்புத்தன்மையை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய சோதனைகள் குறைவு.

இந்த உத்தி மருத்துவத்துக்கும் பயன்பட்டது. 1994இல் மனித எதிர்ப்பொருள் மரபணுக்களைச் சுமந்த எலிகளை இரு குழுக்கள் அறிவித்தன. அத்தகைய எலிகளிலிருந்து பெறப்பட்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து பானிடுமுமாப். பெருங்குடல் புற்றுநோய்க்கான அம்மருந்துக்கு 2006இல் அனுமதி கிடைத்தது.